ஃபேன் சுற்றினால் காற்று சூடாகத்தானே வேண்டும்? படிவம் 4 பிள்ளையின் கேள்வி, பதில் தெரிந்தவர்கள் வாருங்கள்

மீனா செந்தூல்

வணக்கம். என் மகள் படிவம் 4 படிக்கிறாள். துகள்கள் வேகமாக அசைந்தால் வெப்பநிலை கூடும், மெதுவாக அசைந்தால் குறையும் என்று பள்ளியில் நடத்தியிருக்கிறார்கள். சரி, அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். நேற்று இரவு சாப்பிடும்போது தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டி, "அது காத்த வேகமா தள்ளுதுதானே, அப்போ துகளெல்லாம் வேகமாகி ரூம் சூடாகணும், ஏன் ஜில்லுனு இருக்கு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் "காத்துன்னா ஜில்லுனுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே பிடித்தாள், 31 காட்டியது. ஃபேனை நிறுத்திவிட்டுப் பிடித்தாலும் அதே 31. ஆக, காற்று குளிரவும் இல்லை, சூடாகவும் இல்லை!

டியூஷனில் கேட்டதற்கு "இதெல்லாம் எஸ்பிஎம் பரீட்சைக்கு வராது" என்று பதில் வந்ததாம். இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் வியர்வை ஆவியாகிறது, அதனால் உடம்பு குளிர்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அது உடம்புக்கான பதில். காற்றுத் துகள் வேகமாகியும் காற்று ஏன் சூடாகவில்லை என்பதற்கு அதில் பதில் இல்லையே. நான் கணக்கியல் படித்தவள், கணக்குப் போட்டுக் காட்டினால் புரிந்துகொள்வேன், பயப்படாமல் எழுதுங்கள்.

சும்மா எட்டிப் பார்த்தேன்

ஃபேன் நம்பர் 1இல் வைத்திருப்பீர்கள். 5இல் வைத்துப் பாருங்கள், சூடாகலாம் 😄

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

மீனா அம்மா, முதலில் அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ். கேள்வி கேட்டதற்குக்கூட இல்லை, தெர்மாமீட்டரைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தாளே, அதற்கு. பாதி பதிலை அவளே கண்டுபிடித்துவிட்டாள். இனி கணக்கு.

உங்கள் வீட்டுக் காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். 30 டிகிரியில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக நொடிக்கு 520 மீட்டர் போகிறது. ஃபேன் போட்டாலும் போடாவிட்டாலும், கதவைச் சாத்தி அசைவே இல்லாமல் இருக்கும் அறையிலும் அதே 520தான். ஒலி காற்றில் போகும் வேகம் நொடிக்கு 350 மீட்டர்தான், மூலக்கூறு அதைவிட வேகம். உங்கள் ஃபேன் கிளப்பும் காற்று எவ்வளவு? நன்றாக வீசினால் நொடிக்கு 3 மீட்டர். 520க்குப் பக்கத்தில் 3 ஒன்றுமில்லை என்று சொல்லி முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அது சரியான பதில் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் அடுத்து ஒன்று கேட்பாள்.

ஏர்கோனை 16இல் வைத்து அறை உண்மையிலேயே 16 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நைட்ரஜன் வேகம் என்ன? 507. வெறும் 12, 13 மீட்டர்தான் குறைந்திருக்கிறது. அதாவது நாம் போர்வையைத் தேடுவதற்கும் சட்டையைக் கழற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் நொடிக்குப் பன்னிரண்டு சொச்சம் மீட்டர். அப்படியானால் ஃபேன் கொடுக்கும் 3 மீட்டரும் மூன்று டிகிரிக்கு மேல் காட்ட வேண்டுமே? ஏன் காட்டவில்லை?

விடை திசையில் இருக்கிறது. அந்த 520 மீட்டர் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் வேகம், மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு பக்கம். ஃபேன் கொடுக்கும் 3 மீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே திசையில், கீழ்நோக்கி. ஏற்கனவே கீழே போய்க்கொண்டிருந்த மூலக்கூறுக்கு 520 என்பது 523 ஆகும். மேலே வந்துகொண்டிருந்ததற்கு 517 ஆகும். வெப்பநிலையோடு சம்பந்தப்பட்டது இயக்க ஆற்றல், ஆகவே வேகத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுக்க வேண்டும். 523இன் வர்க்கமும் 517இன் வர்க்கமும் சேர்த்துப் பாதியாக்குங்கள், 2,70,409 வரும். பழைய 520இன் வர்க்கம் 2,70,400. கூடியது வெறும் 9. முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! அந்த 9 முழுவதும் சூடாக மாறினாலும் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவர்த் தெர்மாமீட்டருக்கு அது எங்கே தெரியப் போகிறது.

அந்த 9கூட காற்று வீசிக்கொண்டிருக்கும் வரை வெப்பநிலைக் கணக்கில் சேராது. எல்லா மூலக்கூறும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்வதை வெப்பநிலை கணக்கில் எடுப்பதில்லை, அந்த நகர்வைக் கழித்த பிறகு மிஞ்சுகிற தாறுமாறான அசைவைத்தான் எடுக்கிறது. கேஎல்ஐஏ விமான நிலையத்தில் ஏறிச் சென்னைக்குப் போகிறீர்கள், விமானத்துக்குள் இருக்கும் காற்றும் உங்களோடு சேர்ந்து மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஃபேன் காற்றைவிட எழுபது மடங்குக்கும் மேல் வேகம். உள்ளே யாராவது வெந்துபோகிறார்களா? குளிருகிறது என்று போர்வைதான் கேட்கிறார்கள்.

பாடத்தில் சொன்ன வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்திப் பிள்ளையிடம் சொல்லுங்கள்: துகள்களின் ஒழுங்கில்லாத அசைவின் சராசரி இயக்க ஆற்றல். "ஒழுங்கில்லாத", "சராசரி" இரண்டையும் விட்டுவிட்டால் இந்த மாதிரிக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். "ஆற்றல்" என்பதையும் "வேகம்" என்று சுருக்கக் கூடாது. அதே அறையில் கொஞ்சம் ஹைட்ரஜன் இருந்தால் அது நொடிக்கு 1,940 மீட்டர் ஓடும், கரியமில வாயு 410தான் ஓடும், வெப்பநிலை மூன்றுக்கும் ஒன்றே. லேசானது வேகமாகவும் கனமானது மெதுவாகவும் ஓடி ஆற்றலைச் சமமாக வைத்திருக்கும்.

மீனா செந்தூல்

சார், 523, 517 கணக்கை அவளே போட்டுப் பார்த்துவிட்டாள். சிரிப்புத் தாங்கவில்லை அவளுக்கு, "ஒன்பது! ஒன்பது!" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. ஃபேனை நிறுத்தினால் காற்று கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அந்த 3 மீட்டர் எங்கே போகிறது?

பட்டர்வொர்த் ஏர்கோன்காரன்

அக்கா, இது நம்ம தொழில், நான் சொல்கிறேன். அது எங்கேயும் போகாது, சூடாகத்தான் மாறும். காற்று சுவரில் மோதி, அலமாரியில் மோதி, தன்மேல் தானே உரசி, எல்லாரும் ஒரே பக்கம் போனது கலைந்து ஆளுக்கு ஒரு பக்கம் ஆகிவிடும். வாத்தியார் சொன்ன "தாறுமாறு" கணக்கில் அப்போதுதான் சேரும். சீலிங் ஃபேன் 60, 70 வாட் இழுக்கும். அந்த மின்சாரம் முழுக்க, மோட்டார் சூடு, காற்றோட்டம் எல்லாம் சேர்த்து, கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும். சின்னப் படுக்கையறை, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, சுவரும் கட்டிலும் சூட்டை இழுக்காது என்று வைத்தால் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். உண்மையில் சுவர் நிறைய இழுத்துக்கொள்வதால் அவ்வளவு தெரியாது.

அதனால்தான் வாடிக்கையாளர்களிடம் தலையில் அடித்துக்கொள்கிறேன். ஆள் இல்லாத அறையில் ஃபேனைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், திரும்பி வரும்போது அறை ஜில்லென்று இருக்குமாம். 65 வாட் ஹீட்டர் போட்டுவிட்டுப் போனதாகத்தான் அர்த்தம். ஃபேன் ஆளைத்தான் குளிர வைக்கும், அறையை வைக்காது. ஆள் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இதையே 1840களில் ஜேம்ஸ் ஜூல் தண்ணீரில் செய்து காட்டினார். ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம், அதைச் சுற்றுவதற்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட எடை. எடை கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுற்றும், தண்ணீர் கலங்கும், கலங்கி நிற்கும்போது வெப்பநிலை கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறியது மிகக் குறைவு, திரும்பத் திரும்ப எடையைத் தூக்கி விட்டு நுட்பமான தெர்மாமீட்டரில் அளந்தார். உங்கள் வீட்டு ஃபேனைத் தண்ணீருக்குள் போட்ட மாதிரி பரிசோதனைதான். அதற்கும் முன்னால் 1798இல் ரம்ஃபோர்ட் என்பவர் மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது உலோகம் ஓயாமல் சூடாகிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, சூடு என்பது உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவமாக இருந்தால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே என்று எழுதினார். அந்தக் காலத்தில் வெப்பத்தை ஒரு திரவம் என்றே பலர் நம்பினார்கள்.

வேகமான விமானங்களில் இந்த விஷயம் நன்றாகத் தெரியும். கான்கார்ட் பறந்தபோது அதன் மூக்கு 120 டிகிரிக்கு மேல் சூடாகும், வெளியே காற்று மைனஸ் ஐம்பது சொச்சம் இருக்கும்போதே. விமானத்தின் முன்னால் சிக்கிய காற்றின் ஓட்டம் கலைந்து சூடானதுதான் காரணம்.

நேர் வழி

இவ்வளவு கணக்கு எதற்கு? அணுவுக்குள் அசைவு ஓயாது என்பதை நடராஜர் ஆட்டமாக நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஜெனீவாவில் அணு ஆராய்ச்சிக் கூடத்திலேயே நடராஜர் சிலை வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். நாம்தான் வெள்ளைக்காரன் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறோம்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்

அண்ணே, செர்னில் இருக்கும் அந்தச் சிலை 2004இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது, அழகான சிலை, நானும் படத்தில் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் 520 மீட்டரா 5,200 மீட்டரா என்பதை அது சொல்லாது. ஆட்டத்தை ரசிக்கலாம், அளக்கத் தெர்மாமீட்டர்தான் வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மைனஸ் 273.15 டிகிரிக்குப் போனால் எல்லா அசைவும் நின்றுவிடும் என்று பள்ளியில் சொல்வார்கள். முழுக்க நிற்காது. வெப்பத்தால் வரும் அசைவு போய்விடும், ஆனால் குவாண்டம் விதிப்படி துகளிடம் கொஞ்சம் அசைவு மிச்சம் இருந்தே தீரும், அதை யாராலும் உருவி எடுக்க முடியாது. ஹீலியத்தில் இது கண்ணுக்கே தெரியும். சாதாரண அழுத்தத்தில் ஹீலியத்தை எவ்வளவு குளிர வைத்தாலும் உறையாமல் திரவமாகவே கிடக்கும், திடமாக்க வேண்டுமென்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு போட்டு அமுக்க வேண்டும். மிச்சமிருக்கும் அந்த அசைவே அணுக்களை ஒரு இடத்தில் உட்காரவிடாமல் செய்கிறது.

குளிர வைப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 1995இல் அமெரிக்காவில் போல்டர் நகரத்தில் கார்னெல், வீமன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்தது. ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவியை எடுத்துக்கொண்டு லேசரால் தடுத்துத் தடுத்து வேகத்தைக் குறைத்தார்கள், அப்புறம் மிச்சத்தில் வேகமான அணுக்களை மட்டும் வெளியே தப்பவிட்டார்கள். கடைசியில் ஒரு கெல்வினில் கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு. அறை வெப்பநிலையில் நொடிக்கு 290 மீட்டர் ஓடுகிற ருபிடியம் அணு அங்கே நொடிக்கு 7 மில்லிமீட்டர்தான் நகரும். எறும்புகூட முந்திவிடும். ஐன்ஸ்டைனும் போஸும் 1920களில் சொன்ன நிலை அது, 2001இல் நோபல் கொடுத்தார்கள்.

வேகமானதைத் தப்பவிட்டால் மிச்சம் குளிரும் என்றேன் இல்லையா, மீனா அக்கா, உங்கள் வியர்வையிலும் அதேதான் நடக்கிறது. தண்ணீரில் எல்லா மூலக்கூறும் ஒரே வேகத்தில் இல்லை, சிலது மந்தம், சிலது படுவேகம். பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு வெளியே போக முடிந்தவை வேகமானவைதான். அவை போனதும் மிஞ்சியவற்றின் சராசரி இறங்கும், தோல் குளிரும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 2,400 ஜூலுக்கு மேல் உடம்பிலிருந்து போய்விடும். ஃபேன் செய்யும் வேலை, தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கிப் புதுக் காற்றைக் கொண்டுவருவது, அவ்வளவுதான். இல்லையென்றால் வெளியே போன மூலக்கூறுகளில் நிறைய திரும்ப வந்து தோலிலேயே விழும். மழை வருவதற்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு புழுக்கம் புழுங்குமே, அப்போது காற்றிலேயே ஈரம் அதிகம், திரும்பி வருவதும் கூடிவிடும், ஃபேன் போட்டாலும் பிரயோஜனம் குறைவு.

சும்மா எட்டிப் பார்த்தேன்

மாமாக் கடையில் தே தாரேக் ஆற்றுவதும் இதே கதைதானா? அவர் இழுக்கிற இழுப்பில் தேத்தண்ணி வேகமாகத்தானே விழுகிறது.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்

அதே கதைதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால் விழுந்த வேகம் சூடாக மாறுவது ஒரு டிகிரியில் நானூறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் நீளமாக இழுக்கும்போது காற்றில் படும் பரப்பு கூடுகிறது, நுரையிலும் கூடுகிறது, வேகமான மூலக்கூறுகள் தப்பிப் போக நிறைய வாசல். அதனால் குளிர்கிறது.

பட்டர்வொர்த் ஏர்கோன்காரன்

இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள் அக்கா, ஏர்கோன் ஏன் வெளியே சூடாகவும் உள்ளே குளிராகவும் இருக்கிறது என்று. வெளியே இருக்கும் கம்ப்ரசர் கேஸை அமுக்குகிறது, அங்கிருந்து வரும் செம்புக் குழாயைத் தொட்டால் கை பொத்துப் போகும் (தொடச் சொல்லாதீர்கள்). நெருப்பு இல்லை, ஹீட்டர் இல்லை, எங்கிருந்து சூடு? பேட்மிண்டன் நினைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டை அசையாமல் பிடித்தால் பூப்பந்து வந்த வேகத்துக்கு மேல் திரும்பாது. ராக்கெட்டை முன்னால் வீசி அடித்தால் பறக்கும். பந்தோடு சேர்த்து ராக்கெட்டைப் பின்னால் இழுத்தால் செத்துக் கீழே விழும். கம்ப்ரசரில் சுவர் உள்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதில் மோதுகிற ஒவ்வொரு மூலக்கூறும் வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறது, அதுதான் சூடு. சைக்கிள் பம்ப் அடி சூடாவதும் இதே காரணம், உரசலால் என்று பலர் நினைக்கிறார்கள், உரசல் கொஞ்சம்தான்.

உள்ளே குளிர்வது வேறு வழி. அந்தச் சூட்டை வெளியே ஊதித் தள்ளியதும் கேஸ் அமுக்கத்திலேயே திரவமாகிவிடும். திரவத்தை உள்ளே இருக்கும் காயிலுக்குள் விட்டு அழுத்தத்தைத் திடீரென்று குறைப்போம், அது கொதித்து ஆவியாகும். இப்போது வருகிற ஆர்32 கேஸ் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது கொதிக்கத் தேவையான ஆற்றலை உங்கள் அறைக் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வியர்வை மாதிரியேதான், ஆனால் ஆவியை வீணாக்காமல் பிடித்துத் திரும்ப அமுக்குகிறோம். "கேஸ் தீர்ந்துபோச்சு, டாப் அப் பண்ணணும்" என்று ஒவ்வொரு சர்வீஸுக்கும் சொல்கிறவனை நம்பாதீர்கள். கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை, ஓட்டை இருந்தால்தான் குறையும்.

மீனா செந்தூல்

ராக்கெட் விஷயம் எனக்கே புரிந்துவிட்டது, வீட்டில் எல்லாரும் பேட்மிண்டன் பைத்தியம். கெந்திங் மலைக்குப் போனால் குளிர்வதும் இந்தப் "பின்னால் இழுக்கிற ராக்கெட்" மாதிரியா? மேலே போகப் போகச் சூரியனுக்குப் பக்கத்தில்தானே போகிறோம் என்று சின்னவன் கேட்கிறான்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்

சின்னவனிடம் சொல்லுங்கள், சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் ஏறி அதை எட்டிப் பிடிக்க முடியாது.

நீங்கள் சொன்னதுதான் காரணம். வெயில் தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, அதனால் ஏறுகிற காற்று விரிகிறது, சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. விலகிப் போகிற சுவரில் மோதிய பந்து எப்படி வேகம் இழக்குமோ அப்படி மூலக்கூறுகள் வேகம் இழக்கின்றன. காய்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட 10 டிகிரி குறையும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஏறும்போது மேகமாகி உறிஞ்சி வைத்திருந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும், அதனால் அவ்வளவு குறையாது, ஐந்து, ஆறு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பினாங்குக் கொடிமலை உச்சி 833 மீட்டர். கீழே ஆயர் ஈத்தாமில் வியர்த்துக்கொண்டே ரயில் ஏறினால் மேலே நான்கைந்து டிகிரி குறைந்திருக்கும், பிள்ளையை அழைத்து வாருங்கள், தெர்மாமீட்டரையும் எடுத்து வாருங்கள்.

சும்மா எட்டிப் பார்த்தேன்

இப்போது என்னுடைய நிஜமான கேள்வி. மூலக்கூறு நொடிக்கு 500 மீட்டர் ஓடுகிறது என்கிறீர்கள். என் தம்பி பாலிக் பூலாவிலிருந்து டுரியான் வாங்கிவந்து முன் ஹாலில் பிளந்தான். பின்னால் அடுப்படியில் இருந்த எனக்கு வாசம் வர நன்றாக நேரம் ஆனது. 500 மீட்டர் வேகத்துக்கு அது கத்தி போட்ட நொடியிலேயே வந்திருக்க வேண்டாமா? ஒன்று நீங்கள் சொல்வது பொய், இல்லை என் மூக்கில் கோளாறு.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்

அண்ணே, விளையாட்டாகக் கேட்டாலும் இது 1858இல் உண்மையிலேயே எழுந்த சண்டை! கிளாசியஸ் என்ற ஜெர்மானியர் 1857இல் மூலக்கூறுகள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகின்றன என்று கணக்குப் போட்டு எழுதினார். பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர், வானிலைக்காரர், நீங்கள் கேட்டதைத்தான் கேட்டார்: அப்படியானால் வாசனையும் புகையும் ஏன் இவ்வளவு மெதுவாகப் பரவுகின்றன? கிளாசியஸ் யோசித்து 1858இலேயே பதில் கொடுத்தார். வேகம் உண்மைதான், ஆனால் எங்கே நேராகப் போக விடுகிறார்கள்? காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் போகும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினாலாயிரத்தில் ஒரு பங்குதான். நொடிக்கு 700 கோடி மோதல். ஒவ்வொரு மோதலிலும் திசை மாறும். ஓடுகிறது, ஓடுகிறது, போய்ச் சேர்கிறதா என்றால் இல்லை.

டுரியான் வாசத்தில் முக்கியமானவை கந்தகம் சேர்ந்த சேர்மங்கள். அதில் ஒன்று எத்தேன்தையோல், 35 டிகிரியிலேயே கொதிக்கும், நம் ஊர் வெயிலில் சும்மா கிளம்பிவிடும். (சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று அதில் கலப்பதும் இதையேதான். 2018இல் மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தையே கேஸ் கசிவு என்று காலி செய்தார்கள், கடைசியில் பார்த்தால் அலமாரியில் அழுகிய டுரியான்.) அந்த மூலக்கூறு 350 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் உங்கள் ஹாலில் இருந்து அடுப்படிக்கு ஐந்து மீட்டர் என்றால், துளிக் காற்றோட்டமும் இல்லாமல் மோதி மோதியே வந்து சேர நாள் கணக்கில் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். உங்களுக்குச் சீக்கிரமே வந்ததென்றால் ஃபேனோ ஜன்னல் காற்றோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. நொடிக்கு அரை மீட்டர் நகரும் சோம்பேறிக் காற்று, 350 மீட்டரில் தாறுமாறாக ஓடும் மூலக்கூறை ஜெயித்துவிடுகிறது, ஏனென்றால் அது ஒரே திசையில் போகிறது.

சும்மா எட்டிப் பார்த்தேன்

மூக்கு நல்ல மூக்குதான், நன்றி. அந்த டுரியானைக் கொண்டுவந்த காடி இன்னும் நாறுகிறது. அதற்கும் ஏதாவது மூலக்கூறு வைத்தியம் உண்டா?

பட்டர்வொர்த் ஏர்கோன்காரன்

உண்டு. மூடி வைத்து வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாகும். வாசம் சீட் துணியிலும் கூரைத் துணியிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. குளிரில் அது அங்கேயே ஒட்டிக் கிடக்கும், ஏர்கோன் போட்டுக்கொண்டு ஓட்டினால் அப்போதைக்குக் குறைந்த மாதிரி தெரியும், வெயிலில் நிறுத்தியதும் திரும்ப வரும். அதனால் மத்தியான வெயிலில் நாலு கதவையும் திறந்து நிறுத்துங்கள். துணி சூடானால் ஒட்டியிருந்தது வேகமாகக் கழன்று வெளியே வரும், காற்று அதைக் கொண்டுபோய்விடும். கேபின் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், அதில்தான் பாதி உட்கார்ந்திருக்கும். கடையில் கொடுத்து மாற்ற வேண்டாம், பெரும்பாலான காடியில் டேஷ்போர்ட் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம்.